மூன்று முறை கேட்கும் ஊரிலிருந்து

படை அதிகாரித் தேர்வுக்கான விண்ணப்பப் படிவத்தில் இரண்டு பிரதி கேட்டிருந்தார்கள். நான் மூன்று எழுதினேன். ஒன்று தொலைந்தால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கு இல்லாமல் இருக்கலாம், எனக்கு இருந்தது. அந்த மூன்றாவது பிரதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அடையாளக் குறிகள் என்ற இடத்தில் ‘இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, மாடு உதைத்தது’ என்று எழுதியிருக்கிறேன். தழும்பு என்று எழுதினால் போதும், உதைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை என்றான் என் சிநேகிதன். கேட்காத தகவலைத் தருவதில் ஒரு சுகம் உண்டு என்பது அவனுக்குத் தெரியவில்லை.

சீனப் போர் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. படைக்கு அதிகாரிகள் போதவில்லை, பட்டதாரிகள் வரலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கோயமுத்தூரில் பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பையன்களில் பாதிப் பேர் அந்த வாரம் அதிகாரி ஆகத் தீர்மானித்தார்கள். அடுத்த வாரம் மறந்தும் போனார்கள். நான் மறக்காததற்குக் காரணம் தேசபக்தி என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையான காரணம் மஞ்சள்.

ஈரோட்டில் என் தாய்மாமாவுக்கு மஞ்சள் மண்டி இருந்தது. பிள்ளை இல்லாதவர். நான் படித்து முடித்ததும் மண்டியில் உட்கார வேண்டும் என்பது நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே முடிவான விஷயம். ஒரு கோடை விடுமுறையில் பழகிக்கொள் என்று ஒரு வாரம் அனுப்பினார்கள். மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போது எழும் தூசியில் முதல் நாள் தும்ம ஆரம்பித்தவன், திரும்பி வந்து மூன்று நாள் கழித்துத்தான் நிறுத்தினேன். காதுக்குள், நகக்கண்ணில், சட்டைக் காலரில் எல்லாம் மஞ்சள். மாமா நல்ல மனிதர். ‘பழகீரும் மாப்ள, எனக்கே பத்து வருசமாச்சு’ என்று ஆறுதல் சொன்னார். அந்தப் பத்து வருடத்தை நினைத்தாலே எனக்கு மறுபடி தும்மல் வந்தது.

எங்கள் தோட்டம் கோவைக்குக் கிழக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரம். விளம்பரத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் காட்டினேன். அப்பா கிணற்று மேட்டில் நின்றபடி அதை முழுவதும் படித்தார், அச்சகத்தின் பெயர் உட்பட. அந்தக் குணம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

“ஒருக்காப் போய்ப் பாரு கண்ணு. கெடைக்கலைன்னா தை மாசம் மண்டிக்குப் போயிரோணும். அப்பறம் இந்தப் பேச்சை எடுக்கப்படாது. மாமனுக்கும் நான் அப்படித்தான் சொல்லியுடப் போறேன்.”

“கெடைச்சா?”

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கெடைக்கட்டும், பாக்கலாம்” என்றார். கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஆக, எனக்கு ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் பத்து வருடத் தும்மல்.

தேர்வுக்கான தயாரிப்பு கோவையை ஒட்டிய கணபதியில் நடந்தது. என் சிநேகிதனின் அப்பாவுக்கு அங்கே ஒரு பட்டறை. பம்புசெட்டு மோட்டாருக்கு வேண்டிய உதிரி பாகங்கள் செய்வார்கள். முன்னால் பட்டறை, பின்னால் வீடு, நடுவில் இரும்புச் சாமான் கிடக்கும் முற்றம். சிநேகிதனுக்கு அதிகாரி ஆகும் ஆசை சிறிதும் கிடையாது. தேர்வுக்கு அழைத்தால் பெங்களூர் போக ரயில் கட்டணம் அரசாங்கம் தரும் என்று நான்தான் விதியை எடுத்துக் காட்டினேன். அந்த ஒரு விதிக்காகக் கையெழுத்துப் போட்டான்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தது அவனுடைய அக்கா. பயிற்சி என்றால், அவருக்கும் ஒன்றும் தெரியாது. பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வந்த கையேடு ஒன்று இருந்தது, முதல் இருபது பக்கம் இல்லாமல். அதைப் பிடித்துக்கொண்டு அக்கா கேள்வி கேட்பார், நாங்கள் எழுதுவோம். அவர்கள் தமக்குள் தெலுங்கு பேசுவார்கள். என்னிடம் பேசும்போது எங்கள் ஊர்க்காரர்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ் வரும். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கே முதல் ஆளாக வந்தவர். அதற்கு மேல் படிக்க வைக்கவில்லை. பட்டறைக்கு எந்த ஆர்டர் எப்போது வந்தது, எந்த அச்சு எந்த மூலையில் கிடக்கிறது என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருந்தது. எங்கள் மூன்று பேரில் அந்தத் தேர்வுக்குப் பொருத்தமானவர் அவர்தான். படிவத்தில் பெண்களுக்கு இடம் இல்லை.

அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது தேர்வு அல்ல, காபி. இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் காபி குடிக்கிறீர்களா என்று கேட்டால் ‘வேண்டாங்க, இப்பத்தான் குடிச்சேன்’ என்று சொல்ல வேண்டும். அது பதில் அல்ல. வணக்கம் சொல்வது போல. இரண்டாம் முறை கேட்பார்கள். ‘எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்’ என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்டபின் அவர்கள் மனம் நோகக் கூடாதே என்பதற்காக வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் முறையே கையை நீட்டிவிட்டால் நீங்கள் வளர்ந்த விதத்தைப் பற்றி அந்த வீட்டில் அன்று பேச்சு நடக்கும். மூன்று முறையும் கேட்காமல் விட்டால் அவர்கள் வளர்ந்த விதத்தைப் பற்றி உங்கள் வீட்டில் பேச்சு நடக்கும். இது எழுதாத சட்டம் என்றாலும், எழுதிய சட்டங்கள் பலவற்றைவிட ஒழுங்காக நடந்தது.

அக்காவுக்கு மட்டும் இதற்கெல்லாம் நேரமில்லை.

“காப்பி குடிக்கிறீங்களா தம்பி?”

“வேண்டாங்கக்கா, இப்பத்தான்...”

அதற்குள் டம்ளர் என் முன்னால் இருக்கும். “ஆறிப்போவுது, குடிச்சுப்போட்டுப் பேசுங்க. வேண்டாம் சொல்ற பரீட்சைன்னு ஒண்ணு வெச்சா நீங்க ஜில்லாவுக்கே முதல்ல வருவீங்க.”

தேர்வில் ஒரு பகுதி, ஒரு சொல்லைக் காட்டிப் பதினைந்து விநாடி கொடுப்பார்கள். அதற்குள் மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். இப்படி அறுபது சொல். மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம். என் மனதில் இருப்பது தெரிந்தால் ஆபத்து என்பதால் நான் முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் உயர்ந்த வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். தோல்வி என்றால் ‘தோல்வி வெற்றிக்கு முதல் படி’. பயம் என்றால் ‘வீரனுக்குப் பயம் இல்லை’. இருட்டு என்றால் ‘இருட்டுக்குப் பின் விடியல் வரும்’.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து சொற்களைப் படிப்பார். எழுதி முடித்ததும் தாளை வாங்கிப் பார்ப்பார். தம்பியின் தாளைப் பார்த்து, “இருட்டுன்னா ‘ஃபியூஸ் போயிருக்கும், பாக்கணும்’னு எழுதியிருக்கிறான்” என்பார். பிறகு என் தாளை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார்.

“ஏனுங்க தம்பி, அறுபது வார்த்தைக்கும் நல்லவராவே எழுதியிருக்கறீங்களே. ஒரு வார்த்தைக்காச்சும் மனுசரா இருங்களேன்.”

“கையேட்டுல இப்படித்தான் போட்டிருக்குதுங்கக்கா.”

“அந்தக் கையேட்டை எழுதுனவரு அதிகாரி ஆயிட்டாருங்களா?”

அந்தத் தகவல் தொலைந்துபோன முதல் இருபது பக்கத்தில் இருந்திருக்கலாம்.

படத்தைப் பார்த்துக் கதை எழுதும் பகுதியும் உண்டு. மங்கலான படத்தை அரை நிமிடம் காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் கதை முடிய வேண்டும். மங்கலான படத்துக்கு எங்கே போவது? அக்கா பழைய நாட்காட்டிப் படங்களின் மேல் எண்ணெய்த் தாளை ஒட்டிக் கொடுத்தார். சிநேகிதனுக்கு எந்தப் படத்தைக் காட்டினாலும் ஒரு பம்புசெட்டு பழுதாகிக் கிடக்கும், யாரோ வந்து சரிசெய்வார்கள். லட்சுமி படத்தைக் காட்டியபோதும் அதுதான் நடந்தது. என் கதைகளில் யாராவது கிணற்றில் விழுவார்கள். கல்லூரியில் படித்த இளைஞன் ஒருவன் ஊர் மக்களைத் திரட்டிக் கயிறு கட்டி மீட்பான்.

“உங்க ஊர்ல எல்லாரும் எதுக்குங்க கெணத்துலயே உழுகறாங்க?” என்றார் அக்கா பதினோராவது கதையில். “அந்தப் பையன் ஊட்டை உட்டு வெளியூர் போனா ஒருத்தரும் உழுக மாட்டாங்கன்னு நெனைக்கறேன்.”

உடல் சார்ந்த குழுப் பயிற்சிக்கு முற்றம். பீப்பாய், பலகை, கயிறு இவற்றை வைத்து ஒரு பாரத்தை இல்லாத ஆற்றின் குறுக்கே கொண்டுபோக வேண்டும். சிவப்பு வண்ணம் பூசிய எதையும் தொடக் கூடாது என்பது விதி. பட்டறையில் இருந்த அத்தனை சாமானுக்கும் துருப்பிடிக்காமலிருக்கச் சிவப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். விதிப்படி நாங்கள் முற்றத்தில் நிற்கவே முடியாது. நான் அரை மணி நேரம் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க, சிநேகிதன் ஐந்து குதிரைச் சக்தி மோட்டாரைக் கயிறு போட்டு இரண்டு பலகையில் சறுக்கி அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, சாப்பிடப் போய்விட்டான். அவர்கள் எழுபதடிக் கிணற்றுக்குள் மோட்டார் இறக்குகிறவர்கள். அவனுக்கு இது பயிற்சி அல்ல, அன்றாட வேலை.

கடைசியாகத் தன்னைப் பற்றிய குறிப்பு: உன்னைப் பற்றி உன் பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், நண்பர்கள் என்ன நினைக்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டும். மற்றவர்கள் ஊகித்து எழுதுவார்கள். நான் முறைப்படி விசாரிப்பது என்று தோட்டத்துக்குப் போய் அப்பாவைக் கேட்டேன்.

“அப்பா, என்னையப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்க?”

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். “ஏங் கண்ணு? என்ன செஞ்சுபோட்டே?”

“ஒண்ணுமில்லீங்கப்பா. பரீட்சைக்கு.”

“மெய்யச் சொல்லு. ஆரு ஊட்டுக்காச்சும் போய்ப் பேசோணுமா?”

அம்மாவும் வந்துவிட்டாள். நான் எதுவும் செய்யவில்லை என்று நம்பவைக்க அந்தச் சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. குறிப்பில் ‘என் பெற்றோர் என் மீது முழு நம்பிக்கை வைத்திருக்கிறார்கள்’ என்று எழுதினேன்.

பெங்களூரில் தேர்வு முகாம் நான்கு நாள். போனதும் எண் எழுதிய துணியை நெஞ்சிலும் முதுகிலும் கட்டிவிட்டார்கள். இனி பெயர் கிடையாது. நான் பதினேழு, சிநேகிதன் இருபத்திரண்டு. பயணப்படிப் படிவத்தை முதல் ஆளாகப் பிழையில்லாமல் நிரப்பிக் கொடுத்தவன் பதினேழு. எழுத்தர் நிமிர்ந்து பார்த்துப் பாராட்டினார். அந்த நான்கு நாளில் எனக்குச் சந்தேகமில்லாமல் கிடைத்த வெற்றி அது ஒன்றுதான்.

மதியம் சாப்பாட்டுக் கூடம். நீண்ட மேசை, வெள்ளை விரிப்பு. தட்டில் இரண்டு ரொட்டித் துண்டு ஏற்கெனவே இருந்தது. பரிமாறுகிறவர், வெள்ளைச் சீருடையும் தலைப்பாகையுமாக, கறி நிறைந்த ஒரு பெரிய பாத்திரத்தை என் தோளருகே நீட்டினார். கமகமவென்று இருந்தது. நான் வழக்கப்படி, “நோ, தேங்க் யூ” என்றேன். பாத்திரம் அப்படியே அடுத்த தோளுக்குப் போய்விட்டது. திரும்பி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்தது பருப்பு. “நோ, தேங்க் யூ.” அதுவும் போய்விட்டது. இனிப்பு வந்தது, இந்த முறை கொஞ்சம் தயக்கத்தோடு வேண்டாம் என்றேன், தயக்கத்தைப் புரிந்துகொள்ளட்டும் என்று. அவர் புரிந்துகொள்ளவில்லை. எதிரே இருபத்திரண்டும் இரண்டு ரொட்டியைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சுற்றிலும் மற்றவர்கள் குவித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

“என்னடா இது, ரெண்டாவது தடவ கேக்கவே மாட்டேங்கறாங்க?” என்றான் வெளியே வந்ததும்.

“முதல் நாள், அவசரம் போல. ராத்திரி கேப்பாங்க.”

ராத்திரியும் கேட்கவில்லை. மறுநாள் காலை சிநேகிதன் மனம் மாறிவிட்டான். பாத்திரம் வந்ததும் கரண்டியைப் பரிமாறுகிறவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான். என்னால் முடியவில்லை. வாய் தானாக வேண்டாம் என்று சொல்லிவிடுகிறது. சொன்னபின் மனம் திட்டுகிறது. இருபது வருடத்து நாக்கு. காலையில் தட்டில் முன்னதாகவே வைத்திருந்த முட்டையும் வாழைப்பழமும் இல்லாவிட்டால் நான் அந்த முகாமிலிருந்து நடந்து வந்திருக்க மாட்டேன்.

மற்றபடி எல்லாம் கையேட்டின்படி நடந்தது. அறுபது சொல்லுக்கும் நல்லவனாகவே எழுதினேன். படத்தில் கிணறு இல்லாவிட்டாலும் ஒருவனை விழவைத்து மீட்டேன். மைதானத்தில் பீப்பாயைக் கொண்டுபோகும் பயிற்சியில் எந்த இடத்தைத் தொடக் கூடாது என்பதைக் குழுவுக்கு மூன்று முறை விளக்கினேன். குழு அதற்குள் பீப்பாயை அந்தப் பக்கம் சேர்த்திருந்தது. பசிமயக்கத்தில் சுவர் ஏறும்போது கை நழுவியது. மூன்றாம் நாள் நேர்முகத் தேர்வு என்று என் எண்ணைக் கூப்பிட்டபோது எனக்கே தெரிந்துவிட்டது, மதிப்பெண் கணக்கில் நான் பின்தங்கியிருக்கிறேன். எஞ்சியிருப்பது இந்த ஒரு அறைதான். மூக்கில் மஞ்சள் வாசம் லேசாக அடித்தது.

அறைக்குள் நுழைவது, எத்தனை அடி நடப்பது, எப்போது உட்காருவது, எழுந்து வணக்கம் சொல்லித் திரும்பிப் பார்க்காமல் வெளியேறுவது, எல்லாம் மனப்பாடம். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசை வைத்த ஓர் அதிகாரி. வடக்கத்தியவர், ஆங்கிலத்தில் பேசினார். உலக அரசியல் கேட்பார் என்று போனால் தோட்டத்தைப் பற்றிக் கேட்டார். கிணறு எத்தனை அடி, என்ன வெள்ளாமை, மின்சாரம் வந்துவிட்டதா. பதில் சொல்லச் சொல்ல எனக்கே பேச்சு சரளமாக வந்தது. மாமாவின் மண்டியைப் பற்றியும் சொன்னேன். ஒரு சிப்பாய் தட்டில் தேநீர் கொண்டு வந்தான்.

“தேநீர் சாப்பிடுகிறாயா?”

“வேண்டாம், நன்றி.”

தட்டு போய்விட்டது. ஆவி பறக்க அது கதவைத் தாண்டிப் போவதைக் கண்ணால் வழியனுப்பி வைத்தேன்.

அவர் கோப்பைப் புரட்டினார். “வீட்டில் நிலம் இருக்கிறது. மாமாவிடம் நல்ல வியாபாரம் காத்திருக்கிறது. வெளியே நிற்கும் பையன்கள் பலருக்கு அது இல்லை. உனக்கு இந்த வேலை வேண்டும்தானா?”

“தங்கள் விருப்பம், ஐயா. கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் குறையில்லை” என்றேன்.

சொல்லும்போது நிறைவாக இருந்தது. எவ்வளவு மரியாதையான பதில். அப்பா இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். இனி அவர் இரண்டாவது முறை கேட்பார். நான் கொஞ்சம் நெளிவேன். மூன்றாவது முறை கேட்டதும் ஒப்புக்கொள்வேன்.

அவர் பேனாவால் ஒரு வரி எழுதினார். “நல்லது. நீ போகலாம்” என்றார்.

எழுந்தேன், வணக்கம் வைத்தேன், திரும்பினேன், நடந்தேன். எல்லாம் விதிப்படி. கதவின் பித்தளைக் குமிழில் கை வைத்தபோதுதான் தேநீர்த் தட்டு இதே வழியாகப் போனது ஞாபகம் வந்தது. அது போன மாதிரியே நானும் போய்க்கொண்டிருக்கிறேன். பருப்பு, கறி, இனிப்பு, தேநீர், இப்போது வேலை. இங்கே யாரும் இரண்டாவது முறை கேட்பதில்லை.

அறையை விட்டு வெளியேறும்போது திரும்பக் கூடாது என்று கையேட்டில் அடிக்கோடிட்டிருந்தது. அடிக்கோடு போட்டவன் நான்தான். திரும்பினேன்.

“ஐயா, ஒரு விஷயம். வேண்டும் ஐயா.”

“என்ன வேண்டும்?”

“வேலை. எங்கள் பக்கத்தில் ஒரு பொருளை மூன்று முறை கேட்ட பிறகுதான் வாங்கிக்கொள்வோம். முதலில் வேண்டாம் என்பது சும்மா ஒரு மரியாதை. நீங்கள் ஒரு முறைதான் கேட்டீர்கள்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படியானால் அந்தத் தேநீர்?”

“அதுவும் வேண்டும் ஐயா.”

“முகாமுக்கு வந்து மூன்று நாளாகிறது. சாப்பாட்டுக் கூடத்தில்?”

“ஒவ்வொன்றையும் ஒரு முறைதான் கேட்கிறார்கள் ஐயா.”

மீசை ஆடியது. சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. உட்கார் என்று கையைக் காட்டினார். பிறகு சிரிக்காமலே கேட்டார்: “சரி. உன் கீழே முப்பது பேர் இருக்கிறார்கள். எல்லாரும் உன் ஊர்க்காரர்கள், உன்னைப் போலவே மரியாதைக்காரர்கள். இருபது மைல் நடந்து வந்திருக்கிறீர்கள். களைப்பாக இருக்கிறதா என்று கேட்கிறாய். இல்லை என்கிறார்கள். என்ன செய்வாய்?”

இந்தக் கேள்வி கையேட்டில் இல்லை. தயார் செய்த உயர்ந்த வாக்கியம் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டது கணபதி வீட்டு டம்ளர்தான்.

“கேட்க மாட்டேன் ஐயா. உட்காரச் சொல்லிவிட்டுத் தேநீரை முன்னால் கொண்டுபோய் வைப்பேன். ஆறிப்போகும், குடித்துவிட்டுப் பேசுங்கள் என்பேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அப்படித்தான் செய்வார்.”

அவர் மணியை அடித்தார். சிப்பாய் வந்தான். தேநீர் வந்தது. என்னிடம் எதுவும் கேட்காமல் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கோப்பில் எதையோ அடித்தார், எதையோ எழுதினார். நான் அவ்வளவு நல்ல தேநீரை அதற்குப் பின் குடித்ததில்லை. அதில் சர்க்கரை போட்டிருக்கவில்லை என்பது பாதி குடித்தபின்தான் தெரிந்தது.

நான்காம் நாள் கூடத்தில் எல்லாரையும் நிற்கவைத்து எண்களை வாசித்தார்கள். நாற்பது பேரில் ஆறு எண். நான்காவதாகப் பதினேழு. முறைப்படி ஓரடி முன்னால் வர வேண்டும். நான் இரண்டடி வந்துவிட்டேன். இருபத்திரண்டு வரவே இல்லை. சிநேகிதன் வெளியே வந்து என் முதுகில் ஓங்கி ஒரு அறை அறைந்தான்.

“நீ ஜெயிச்சது சந்தோசம்டா. நான் தோத்ததும் சந்தோசம். சாப்பாட்டுக் கூடத்துப் பம்பு ரெண்டு நாளா ஒழுகுச்சு, நேத்து சரிபண்ணிக் குடுத்துட்டேன். பரிமாறற அண்ணன் அதுலருந்து எனக்கு மட்டும் வேளைக்கு ரெண்டு இனிப்பு வெச்சாரு. எனக்கு இது போதும்.”

கணபதிக்குப் போய்ச் செய்தி சொன்னோம். அக்கா என்னை நேர்முகத் தேர்வு முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வைத்தார். டம்ளர் கதை வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப அந்த வேலையில பாதி எனக்குத்தானுங்க வரோணும்?”

“ஆமாங்கக்கா.”

“சரி, உடுப்பு தெச்சு வந்ததும் ஒருக்காப் போட்டுட்டு வந்து காட்டுங்க. பாதி எப்படி இருக்குதுன்னு பாக்கறேன்.” உள்ளே போனவர் காபியோடு வந்தார். இந்த முறை குடிக்கிறீங்களா என்று கேட்கவே இல்லை.

தோட்டத்துக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். அம்மா வாசலிலேயே கேட்டாள், “காப்பி குடிக்கிறியா கண்ணு?”

“குடுங்கம்மா.”

அம்மா உள்ளே போகாமல் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “காச்சலா?” என்றாள்.

அப்பா கிணற்று மேட்டில்தான் இருந்தார். காபி டம்ளர்கள் இரண்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். முகாமில் தந்த தேர்வுக் கடிதத்தைக் கொடுத்தேன். முழுவதும் படித்தார், அச்சகத்தின் பெயர் உட்பட. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாய்க்காலைப் பார்த்தார்.

“போகட்டுங்களாப்பா?”

“வேண்டாங் கண்ணு” என்றார்.

என் உயிர் பாதி போயிற்று. மீதிப் பாதியில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது: இது எங்கள் ஊர். வாய்க்கால் தண்ணீரில் ஒரு பாத்தி நிறையும் வரை பொறுத்திருந்து மறுபடியும் கேட்டேன்.

“போகட்டுங்களா?”

“மாமனுக்கு என்ன சொல்றது? ஒரு வருசமா உனக்குன்னு அங்க மெத்தை தெச்சுப் போட்டு வெச்சிருக்கறாரு.” இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மடையைத் திருப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்றாவது முறை கேட்பதுதான் கஷ்டம். பெங்களூரில் சுவர் ஏறியபோதுகூட அவ்வளவு பயமாக இல்லை. “அப்பா, போகட்டுங்களா?”

அவர் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

“போயிட்டு வா. மாமனை நான் பாத்துக்கறேன்.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அங்க சோறு தண்ணியெல்லாம் எப்படி? ஒழுங்காப் போடறாங்களா?”

“நல்லாப் போடறாங்கப்பா. ஆனா ஒருக்காத்தான் கேக்கறாங்க.”

அப்பா இதை நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார், உண்மைதான் என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த ஊர்க்காரர்களுக்காக வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன்.

“அப்பிடியா? அப்ப மொதல்ல கேக்கறப்பவே வாங்கிக்கோணும்” என்றார்.